இடது கையை நீட்டுங்க சார்!

புயல் எச்சரிக்கை வந்தால் போதும், எங்கள் தண்டையார்பேட்டையில் டீக்கடைக்கு ஒரு வானிலை நிபுணர் முளைத்துவிடுவார். அவர்கள் கோபிக்க வேண்டாம். புயல் எந்தப் பக்கம் என்று சொல்ல நம் இடது கையே போதும்!

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். ஏறக்குறைய அங்கேதான் புயலின் மையம். 1857-ல் டச்சு விஞ்ஞானி பைஸ் பாலட் சொன்ன விதி இது. பூமி சுழல்வதால், அதன் வட பாதியில் ஓடும் காற்று வலப்பக்கம் ஒதுங்கும். அதனால் நம்மூர்ப் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது. தென் பாதியில் எல்லாமே தலைகீழ். மொரீஷியஸ் தமிழர் வலது கையைத்தான் நீட்டணும்!

"வாஷ்பேசின் தண்ணியும் அப்படித்தான் சுத்துமாமே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இல்லை சார், அத்தனை சின்ன இடத்தில் பூமியின் ஜம்பம் பலிக்காது. தவிர, முதலில் குழாயில் தண்ணி வரட்டும்!

2016 டிசம்பர் 12, வர்தா புயல். காலையில் வடக்கிலிருந்து காற்று. வாசலுக்குள் நின்றபடியே கையை நீட்டினேன். கடலைக் காட்டியது. ஆசாமி இன்னும் கரைக்கு வரவில்லை! பிற்பகலில் புயலின் கண் சென்னையைக் கடந்தபோது காற்று ஓய்ந்தது. "அவ்ளோதாம்பா, போய்டுச்சு!" என்று தெருவே வெளியே வந்தது. அப்புறம்தான் தெற்கிலிருந்து மறுபாதி ஆட்டம். இப்போது கை மேற்கே காட்டியது. புயல் ஊருக்குள் ஏறிவிட்டது.

ஆகவே, நடுவில் திடீரென்று காற்று நின்றால் நம்பாதீர்கள். எதிர்த்திசையிலும் அடித்து அடங்கட்டும். அதுவரை படகு கயிற்றில், பிள்ளைகள் வீட்டுக்குள்!