ஃபோர்மேன் என்றொரு பெயர்: பட்டாசு ஆலையில் 'தலைமை' குறித்துச் சில குறிப்புகள்

1

விருதுநகரில் ஒரு ஹோட்டல் மாடியில் 'மாறிவரும் பணியிடமும் திறன்மிக்க தலைமையும்' என்று ஒருநாள் பயிற்சி. என் மாமாவை அனுப்பியிருந்தார்கள். மாமா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். சாயந்தரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கையேட்டை என்னிடம் நீட்டினார். தலைவன் உத்தரவு போடுவதில்லை, முன்னே நடக்கிறான் என்று அதில் இருந்தது. "எம்.ஏ. தமிழ் படிச்சவன்தான, அர்த்தம் சொல்லு" என்றார். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. "மாப்ள, ஃபோர்மேன்னா என்னன்னு நெனச்ச? வெடிச்சா கேஸ் போட ஒரு பேரு வேணும்ல. அந்தப் பேருதான் நான்."

அந்த வாக்கியத்துக்கான உரையே இக்கட்டுரை.

2

1911இல் ஃபிரெடெரிக் டெய்லர் 'விஞ்ஞான நிர்வாகம்' பற்றிய தன் நூலை அமெரிக்காவில் வெளியிட்டார். தொழிலாளியின் கையில் இருந்த அறிவை அளந்து, பிரித்து, நிர்வாகத்தின் காகிதத்துக்கு மாற்றுவது அதன் சாரம். யோசிப்பது ஒருவர், செய்வது இன்னொருவர். புதுவகை உழைப்புக்கேற்ற புதுவகை மனிதனைச் செய்யும் முயற்சியாக இதை கிராம்சி தன் சிறைக் குறிப்புகளில் வாசித்தார். பிறகு ஹாதார்ன் ஆய்வுகளை ஒட்டி எல்டன் மேயோ வகையறாக்கள் தொழிலாளிக்கு மனசு என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு மேலாளர் என்ற சொல்லும் பழசாகி, அந்த இடத்தில் 'தலைவர்' வந்து உட்கார்ந்திருக்கிறார். ஊக்குவிக்கிறார், செவிமடுக்கிறார், மாற்றத்தை வழிநடத்துகிறார்.

இந்தச் சொல்லாடல் முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது: முன்னே நிற்பவரிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறது என்பதை. பட்டாசு ஆலைக்குள் இந்த அனுமானம்தான் முதலில் உடைகிறது.

3

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, மறு ஆண்டு சிவகாசியில் தொடங்கினார்கள். அந்தத் தலைமுறை முதலாளிக்குத் தொழில் கையிலேயே தெரியும். அண்ணாச்சி என்று கூப்பிடும் தூரத்தில் இருந்தார். அதை நான் பொற்காலமாக்கவில்லை. சாதியும் கடனும் முன்பணமும் அந்த 'அண்ணாச்சி'க்குள்ளேயே இருந்தன. குழந்தைகளின் விரல்களும் இருந்தன. 1991இல் மீனம்பட்டி வெடிவிபத்தில் 39 பேர் செத்தார்கள். குழந்தை உழைப்பு குறித்து எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றத்தின் விரிவான தீர்ப்பு வர 1996 டிசம்பர் ஆயிற்று.

அண்ணாச்சியாவது கண்ணுக்குத் தெரிந்தார். உள்குத்தகையில் அவரும் மறைந்துபோகிறார். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். வளாகத்தின் ஷெட்டுகளைப் பிரித்து ஆளுக்குச் சிலவாக விட்டுவிடுவார். சட்டத்துக்குப் புறம்பானது, ஆனால் ஊரறிந்தது. மருந்து வாங்குவது குத்தகைக்காரர். ஆள் பிடித்துக் கொடுப்பது இன்னொருவர். கூலி பீஸ் கணக்கு. அறைக்கு இத்தனை பேர்தான், கலந்த மருந்தை மிச்சம் வைக்கக்கூடாது என்பதற்கெல்லாம் கையெழுத்து மட்டும் ஃபோர்மேனுடையது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் 38 பேர் இறந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேல். இரண்டிலும் உள்குத்தகைக் குற்றச்சாட்டு எழுந்தது.

அதிகாரம் ஓரிடத்தில் இல்லை, எங்கும் பரவிக் கிடக்கிறது என்று ஃபூக்கோவைச் சாட்சி வைத்து நம் சிற்றிதழ்களில் நெடுநாளாக எழுதிவருகிறோம். சரிதான். ஆனால் உள்குத்தகைக்காரருக்கு ஃபூக்கோ தேவைப்படவில்லை, அவருக்கே அது தெரியும். அதிகாரத்தைச் சிதறடித்து, பொறுப்பை மட்டும் ஒரே ஆள் தலையில் குவிப்பதுதான் இங்கே நிர்வாக முறை. எனவே 'பரவிக் கிடக்கிறது' என்பதோடு நாம் நிறுத்திக்கொண்டால் யாருக்கு வசதி என்பதையும் யோசிக்க வேண்டும்.

4

'மாறிவரும் பணியிடம்' என்பது இங்கே வெறும் அலங்காரச் சொல் இல்லை. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்து, பேரியம் உப்புகளைத் தடைசெய்தது. பேரியம் நைட்ரேட் பச்சை நிறம் தருவதோடு, பல ரகங்கள் எரிவதற்கான ஆக்சிஜனையும் தருவது. அதை எடுத்தால் கலவை விகிதமே மாறும். வருஷக்கணக்காகக் கைக்குப் பழகிய அறிவு ஒரே தீர்ப்பில் பழசாகிறது. தீபாவளி மட்டும் தேதி மாறாமல் நெருங்குகிறது.

இந்த நெருக்கடியில் தலைமை எங்கே இருக்கிறது? மாமா ஒரு அம்மாளைப் பற்றிச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாது, எந்தப் பதிவேட்டிலும் 'மேற்பார்வை' என்று அவர் பெயர் இல்லை. உச்சிவெயிலில், "காத்து ஒரு மாதிரியா இருக்கு, செத்த நேரம் மருந்தத் தொடாதீங்க" என்பாராம். ஷெட்டே கையை எடுத்துவிடும். என்னைக் கேட்டால் தலைமை என்பது அதுதான்: நிறுத்தச் சொல்லும் குரல், அதை நம்பி நிற்கிற கைகள். ஆனால் நின்ற நேரத்துக்குப் பீஸ் கிடையாது, கூலியும் கிடையாது. ஆகவே அந்தக் குரல் வாரத்துக்கு ஒருமுறைதான் எழ முடியும். மற்ற நாட்களில் தொழிலாளி தன்னைத்தானே விரட்டிக்கொள்கிறாள், அதற்குக் கங்காணி வேண்டியதில்லை.

டொயோட்டா ஆலையில் பழுது கண்ட தொழிலாளி தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுக்கலாம், தேவையானால் உற்பத்தி வரிசையே நிற்கும். அதுவும் முதலாளித்துவம்தான், லாபக் கணக்குதான். இருந்தாலும் நிறுத்தும் உரிமை ஒரு கயிறாகக் கைக்கெட்டும் இடத்தில் தொங்குகிறது. நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் போபாலுக்குப் பிறகு 1987இல் வந்த திருத்தம், ஆபத்தான தொழில்களில் வேலை செய்பவருக்கு உடனடி அபாயத்தை எச்சரிக்கும் உரிமை தந்தது. எச்சரிக்கலாம். நிறுத்துவது நிர்வாகத்தின் கையில். தலைமை பற்றிய அத்தனை கையேடுகளும் இந்த இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் மறைக்கின்றன.

நாமும்தான் மறைக்கிறோம். வெடித்த மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறோம், நிவாரணத் தொகையை உயர்த்தக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் வெடிக்காத நாளில், நிறுத்திய மணிநேரத்துக்குக் கூலி கொடு, நிறுத்தியவரை வேலையை விட்டு அனுப்பாதே என்ற கோரிக்கை நம் துண்டறிக்கைகளில் எத்தனை முறை வந்திருக்கிறது?

டீக்காசைக் கொடுத்துவிட்டு மாமாவிடம் கேட்டேன், "நீங்க எப்பவாவது நிறுத்தியிருக்கீங்களா?"

"ரெண்டு தடவ" என்றார். "ரெண்டாவது தடவைக்கு அப்புறம்தான் இந்த ஆலைக்கு வந்தேன்."