ஓரமாகப் போனாலும் ஆபத்து! சைக்கிள்காரர் எங்கேதான் போவார்?

"யோவ் சாவுகிராக்கி! வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா? ஓரமாப் போய்யா!"

சென்னையில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு இந்த அர்ச்சனை புதிது அல்ல. பஸ் டிரைவர் திட்டுவார். ஆட்டோக்காரர் திட்டுவார். நேற்று வரை சைக்கிளில் போய்விட்டு இன்று மோட்டார் சைக்கிள் வாங்கியவர் இன்னும் பலமாகத் திட்டுவார்!

திட்டோடு விட்டால் பரவாயில்லை. முழங்கையைத் தடவுகிற மாதிரி உரசிக்கொண்டு பறக்கிறார்களே, அதுதான் குலைநடுங்க வைக்கிறது.

இவர்கள் யார்? விடியற்காலையில் பேப்பர் போடும் பையன். பால் பாக்கெட் போடுகிறவர். கேரியரில் டீ கேன் கட்டியவர். ராத்திரி வேலை முடிந்து வீடு திரும்பும் வாட்ச்மேன். அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிளஸ்-ஒன் மாணவி. அந்தப் பெண்ணை அனுப்பும்போது தாயார் சொல்வதும் அதே வார்த்தைதான்: "ஓரமாப் போ கண்ணு!"

ஓரத்தின் லட்சணம்

அந்த ஓரத்தைக் கொஞ்சம் பாருங்கள். மேலே மேலே தார் ஊற்றியதில் பள்ளத்தில் கிடக்கும் சாக்கடை மூடி. காற்றில் சேர்ந்த மணல். மழை பெய்தால் குட்டை. அடியில் குழியா, கல்லா, யாருக்குத் தெரியும்? நோ பார்க்கிங் போர்டுக்குக் கீழேயே நிற்கும் கார். எவராவது கை காட்டினால் 'சடக்'கென்று ஓரம் கட்டும் ஷேர் ஆட்டோ.

இத்தனையையும் தாண்டித்தான் அவர் மிதிக்கிறார். பள்ளம் வந்தால் வலது பக்கம் ஒடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி உரசிக்கொண்டு வந்தால்...? பெரிய வண்டி பக்கத்தில் வேகமாகப் போகும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். கேரியரில் பாரம் வேறு இருந்தால் ஹேண்டில்பார் ஆடிவிடும். விழுகிறவர் பிளாட்பாரம் பக்கம் விழுந்தால் சிராய்ப்போடு போகும். சக்கரத்தின் பக்கம் விழுந்தால்?

கணக்குப் போடுங்கள்

பெரிய ரோடுகளில் ஒரு தடத்தின் அகலம் 3½ மீட்டர். பஸ், லாரிகள் 2.6 மீட்டர் அகலம் வரை இருக்கலாம் என்பது விதி. மிச்சம் 90 சென்டிமீட்டர். சைக்கிள் ஹேண்டில்பாருக்குச் சுமார் 60 போய்விட்டால் பாக்கி 30. பள்ளிக்கூடப் பையன் பையில் வைத்திருக்கிறானே, அந்த ஸ்கேலின் நீளம்! அதுவும் பிளாட்பாரத்தை ஒட்டிக்கொண்டே மிதித்தால்தான்.

ஆக, அவர் ஓரத்தில் போனாலும் சரி, கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனாலும் சரி, பஸ் பக்கத்துத் தடத்துக்கு ஏறித்தான் முந்த வேண்டும். உள்ளே தள்ளிப் போகிறவர் யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை. ஓரத்தில் ஒண்டிப் போகிறவரைப் பார்த்தால்தான் 'நுழைந்துவிடலாம்' என்ற நப்பாசை பின்னால் வருகிறவருக்கு வருகிறது.

மாறுவேட போலீஸ்!

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வேலை செய்தார்கள். 2016-ல் பர்மிங்காம் பகுதியைக் கவனிக்கும் மேற்கு மிட்லண்ட்ஸ் போலீசார், மப்டியில் ஒரு போலீஸ்காரரை சைக்கிளில் விட்டார்கள். சைக்கிளில் கேமரா. உரசிக்கொண்டு போன காரின் நம்பர் வயர்லெஸ்சில் பறக்கும். அடுத்த முனையில் மடக்கிவிடுவார்கள்! தரையில் ஒரு விரிப்பை விரித்து, எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று அளந்தே காட்டினார்கள். மோசமாக ஓட்டியவர்கள் மீது வழக்கு.

2022 ஜனவரியில் அந்த நாட்டுச் சாலை விதியையே திருத்தினார்கள். 48 கிலோ மீட்டர் வேகம் வரை போகிறவர் சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1½ மீட்டர், அதாவது 5 அடி விட வேண்டும். வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். சைக்கிள்காரருக்கும் யோசனை உண்டு: நெரிசலான ரோட்டில் ஓரத்திலிருந்து அரை மீட்டராவது தள்ளிப் போ, சந்திப்பு நெருங்கும்போதும் அமைதியான தெருவிலும் தடத்தின் நடுவிலேயே போ!

நம் ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, அபாயகரமாக ஓட்டுவதற்கு முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஜெயிலும் உண்டு. தப்பான முறையில் முந்துவதும் இதில் சேரும். ஆனால் ரோட்டில் விழுந்து கிடப்பவர், ஓடுகிற லாரியின் நம்பரை எங்கே குறிப்பது?

போலீஸ் வரும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. சைக்கிளில் போகிறவர்கள், நிற்கும் கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வராமல் ஒரே நேர்க்கோட்டில் போகலாம். வலது பக்கம் ஒடிக்கும் முன் தலையைத் திருப்பிப் பார்த்துக் கையைக் காட்டலாம். ராத்திரியில் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு அவசியம்.

கார்காரர்களுக்கும் ஒன்று. ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கும்போது டிரைவர் கதவை வலது கையால் திறக்காதீர்கள். இடது கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகவே திரும்பும். பின்னால் வரும் சைக்கிள்காரர் கண்ணில் படுவார்.