தேடி எடுக்கத்தக்க எழுத்து: ஒழுங்குமுறை எழுத்தின் வரலாறு

கர்நாடக மாநிலத்தில், பெங்களூரு நகருக்குத் தெற்கே ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி எலெக்ட்ரானிக் சிட்டி என்னும் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. கர்நாடக அரசின் மின்னணுத் தொழில் வளர்ச்சிக் கழகமாகிய கியோனிக்ஸ், அதன் முதல் தலைவரான ஆர். கே. பாலிகாவின் முயற்சியால், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் 1978-ம் ஆண்டில் இதனை ஏற்படுத்தியது. 1981-ல் தொடங்கப்பெற்ற இன்ஃபோசிஸ் நிறுவனம் 1994-ல் தன் தலைமையகத்தை இங்கு மாற்றிக்கொண்டது.

இங்கு உருவாகும் பொருள்களுள் முதன்மையானது கம்ப்யூட்டர் மென்பொருளாகும். அது கண்ணால் காணத்தக்கதன்று. அதை ஆக்குவோர் ஓரிடத்தில் இருப்பர். பயன்படுத்துவோர் வேறொரு கண்டத்தில் இருப்பர். சில ஆண்டுகள் கழித்து அதைப் பழுது பார்ப்பவரோ, முதலில் ஆக்கியவரை ஒருபோதும் கண்டிராதவராக இருக்கலாம். இம்மூவருக்கும் இடையே நிற்பது எழுத்தே. ஆகவே, இத்தொழிலில் வேலைக் குறிப்புகளை எழுதுவதும் வேலையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியியல் நிலையம் வகுத்த தர அளவையில் ஐந்து படிகள் இருந்தன. வேலை செய்யும் முறை எழுத்தில் வகுக்கப்பட்டு, நிறுவனம் முழுவதற்கும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்பது அதன் மூன்றாம் படி. ஐந்தாம் படியை இன்ஃபோசிஸ் 1999-ல் எய்தியது.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா?

போதாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் 1979-ம் ஆண்டு மார்ச் 28-ம் தேதி பெரும் விபத்து நேர்ந்தது. அணு உலையின் மையப் பகுதி ஓரளவு உருகிற்று. இதனை விசாரித்த கெமனி குழு, பழுதான வால்வு ஒன்றோடு வேறு பல குறைகளையும் எடுத்துக்காட்டியது. நெருக்கடியில் கையாள வேண்டிய எழுத்து விதிகள் குழப்பம் தருவனவாக இருந்தமை அவற்றுள் ஒன்றாகும். விதிகள் இல்லாமல் இல்லை; இருந்த விதிகள் தவறான பொருள் கொள்ளவும் இடமளித்தன.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். கதையைப் படிப்பவர் முதலிலிருந்து முடிவு வரை படிக்கிறார். வேலைக் குறிப்பைக் கையில் எடுப்பவர் அவ்வாறு படிப்பதில்லை, அவர் தேடுகிறார். அவர் மனத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். அதற்குரிய விடை எந்த இடத்தில் உள்ளது என்பது உடனே தெரியாவிடில், விடை இருந்தும் பயனில்லை.

ராபர்ட் ஹார்ன் வகுத்த முறை

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு ஒரு முறையை வகுத்தவர் ராபர்ட் ஹார்ன் என்னும் அமெரிக்க அறிஞர். மாணவன் சிறு சிறு படிகளாகத் தானே கற்கும் வண்ணம் பாடங்களை அமைக்கும் முயற்சி, உளவியல் அறிஞர் ஸ்கின்னரின் கருத்துக்களால் 1950-களில் அந்நாட்டில் பரவியிருந்தது. 1960-களின் நடுப்பகுதியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஹார்ன், மேலும் ஒரு கேள்வியை எழுப்பினார்: முதலில் கற்பதற்கும், பின்னர் வேண்டும்போது எடுத்துப் பார்ப்பதற்கும் ஒரே நூல் உதவுமாறு எழுத இயலுமா?

பாடநூல் வாக்கியங்களை அவர் இனம் இனமாகப் பிரித்துப் பார்த்தார். ஏறத்தாழ 40 வகைகளுக்குள் பெரும்பான்மையானவை அடங்குவதாகக் கண்டார். அவ்வகைகளையும் ஏழு பேரினங்களில் அடக்கினார். செய்முறை, நிகழ்முறை, கருத்து, அமைப்பு, பாகுபாடு, விதி, உண்மைச் செய்தி என்பன அவை. பத்தி என்பதன் இடத்தில் ‘செய்தித் தொகுதி’ என்ற புதிய அலகை வைத்தார். 1967-ல் இன்ஃபர்மேஷன் மேப்பிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1969-ல் இம்முறை பற்றிய விரிவான அறிக்கை அமெரிக்க விமானப் படைக்காக வெளியிடப்பட்டது. நாளடைவில் தொழில் நிறுவனங்களின் ஊழியர்களுக்கு இம்முறையில் எழுதப் பயிற்சி அளிப்பதே அந்நிறுவனத்தின் தொழிலாயிற்று.

இம்முறையின் அடிப்படை விதிகள் நான்கு. முதலாவது, செய்தியைச் சிறு தொகுதிகளாகப் பகுத்தல். இரண்டாவது, ஒரு தொகுதிக்குள் ஒரே பொருளைப் பற்றிய செய்தியை மட்டும் வைத்தல். மூன்றாவது, ஒத்த செய்திகளை ஒரே சொல்லாலும் ஒரே அமைப்பாலும் கூறுதல். நான்காவது, ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் பொருளைக் காட்டும் தலைப்பு இடுதல். படங்களை உரிய இடத்தில் சேர்த்தல் முதலியன இவற்றோடு சேர்ந்த பிற விதிகளாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறையைக் கூறும் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கருதுவோம். இரண்டு பக்க நீளமுள்ள ஒரே கட்டுரையாக அது இருந்தால், எருக்குழி அருகே மண் எடுக்கலாகாது என்ற எச்சரிக்கை எங்கோ நடுவில் மறைந்துவிடும். வயலில் நிற்கும் ஊழியர் அதைக் காணாமல் எடுத்த மண், வயலின் உண்மை நிலையைக் காட்டாது. பரிசோதனை நிலையத்தின் வேலை பழுதின்றி நடந்தாலும் உரப் பரிந்துரை பிழையாகும். அதன் நஷ்டம் விவசாயியைச் சாரும். அதே செய்தியைப் பின்வருமாறு பகுக்கலாம்.

மாதிரி எடுக்கலாகாத இடங்கள்: வரப்பு ஓரம், மர நிழல், எருக்குழியின் அருகு, நீர் தேங்கும் இடம்.

செய்முறை:
1. வயலில் வளைந்து வளைந்து நடந்து, 10 முதல் 15 இடங்களைத் தேர்ந்தெடுக்கவும்.
2. மேற்பரப்பிலுள்ள இலை தழைகளை அகற்றவும்.
3. ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டவும்.
4. குழியின் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் செதுக்கி எடுக்கவும்.
5. எல்லா மண்ணையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டை நீக்கவும். அரை கிலோ எஞ்சும் வரை இவ்வாறு செய்யவும்.

சீட்டில் எழுத வேண்டியவை: விவசாயியின் பெயர், சர்வே எண், முந்திய பயிர், அடுத்த பயிர்.

செய்தி மாறவில்லை; அதன் இருப்பிடம் மட்டுமே மாறியுள்ளது. எச்சரிக்கை செய்முறைக்கு முன்பாக, தனக்கென ஒரு தலைப்போடு நிற்கிறது.

முறையின் எல்லைகள்

ஒரு தொகுப்பில் ஏழு உறுப்புகளுக்கு மேல் கூடுதல் நன்றன்று என்பது இம்முறையில் பழகிவந்த ஒரு விதி. ஜார்ஜ் மில்லர் என்ற உளவியல் அறிஞர் 1956-ல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. ஆனால் மில்லர் ஆராய்ந்தது மனத்தில் ஒரு கணம் நிறுத்தி வைக்கக்கூடிய செய்தியின் அளவையே. கண்முன் உள்ள பக்கத்தை அன்று. மேலும், அவ்வளவு நான்கு அளவில்தான் இருக்கும் என்று நெல்சன் கோவன் 2001-ல் எடுத்துக்காட்டினார். எனவே, ஏழு என்ற எண்ணை மாறா விதியாகக் கொள்ள வேண்டுவதில்லை. மேலும், நிலைபெற்ற செய்திகளுக்கே இம்முறை சிறப்பாகப் பொருந்தும். ஒரு நிகழ்ச்சியின் காரண காரியத்தைத் தொடர்ந்து விளக்கும் போதும், இருவேறு கொள்கைகளைச் சீர்தூக்கும் போதும் தொடர்ச்சியான உரைநடையே ஏற்றது.

எனினும், இதன் அடிப்படைக் கருத்து வேரூன்றிவிட்டது. 2001-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டு, 2005-ல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட டிட்டா என்னும் அமைப்பும், கருத்து, செய்பணி, குறிப்பு என்று செய்தியை இனம் பிரித்தே எழுதச் சொல்கிறது. மென்பொருள் கையேடுகளை எழுதுவோரிடையே இவ்வமைப்பு இன்று பரவலாக வழங்குகிறது.

தமிழ் மரபில்

தமிழருக்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. நூலின் உறுப்புகளைச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் எனத் தொல்காப்பியம் படிப்படியாக அடுக்குகிறது. ஒத்த இனச் செய்திகளை முறைப்படச் சேர்த்து வைப்பதே ஓத்தின் இலக்கணம். கங்க மரபினனாகிய சீயகங்கனின் வேண்டுகோளால் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய பத்துக் குற்றங்களை எண்ணிக் கூறுகிறது. மற்றொன்று விரித்தல், மயங்க வைத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். அக்கங்க மரபின் பழைய தலைநகரான கோலார், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வெகு தொலைவிலுள்ளதன்று.

பள்ளியில் சோதனைக் குறிப்பு எழுதும் ஆசிரியர்களும், கிராமத்தில் அறிவிப்புத் தயாரிக்கும் ஊழியர்களும் இம்முறையைச் செலவின்றிக் கையாளலாம். எழுதிய குறிப்பை, அப்பொருளை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அதிலிருந்து ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். அவர் விடையைத் தேடித் தடுமாறினால், எழுத்தையே திருத்த வேண்டும். படிப்பவரைக் குறை கூறுவதில் பயனில்லை.