சாலை விபத்து: அவரவர் வேலையும் நமது வேலையும்

குன்றாண்டார்கோவில் வட்டாரக் கடைகளுக்குத் திருச்சி மண்டிகளிலிருந்து கீரனூர் வழியாகச் சரக்கு வருகிறது. ஆகவே சாலை விபத்து நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி அல்ல. 2023 டிசம்பர் 30 அன்று, புதுக்கோட்டையை அடுத்த நமணசமுத்திரத்தில், சாலையோர டீக்கடையருகே நின்ற ஐயப்ப பக்தர்கள் மீது சிமெண்ட் லாரி மோதி ஐந்து பேர் இறந்தனர். பக்தர்கள் நின்றது ஒரு கடை வாசல் என்பதை வணிகர்கள் கவனிக்க வேண்டும்.

விபத்து நடந்த இடத்திற்குப் பல துறையினர் வருகிறார்கள். நசுங்கிய வண்டியில் சிக்கியவரை மீட்பது தீயணைப்பு வீரர்கள். அவர்கள் வெளியே எடுக்கும்வரை 108 ஆம்புலன்ஸ் காத்திருக்க வேண்டியதுதான். அதுவரை பின்னால் வரும் வாகனங்களைப் போலீசார் தடுத்துத் திருப்பிவிடாவிட்டால், மீட்க வந்தவர்கள் மீதே அடுத்த லாரி ஏறிவிடும். முதல் மோதலைவிட இந்த இரண்டாவது மோதலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கிரேன் வந்து வண்டியை அகற்றினால்தான் பாதை திறக்கும்.

இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வது, முதலில் போன் செய்பவர் சொல்லும் விவரத்தைப் பொறுத்தது. 112க்கு அழைத்தால் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் தகவல் போகும். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 எண்ணும் உண்டு. "கீரனூர் பக்கம்" என்று மட்டும் சொன்னால் போதாது. கிலோமீட்டர் கல், எந்தத் திசை, எத்தனை பேருக்குக் காயம், யாராவது சிக்கியிருக்கிறார்களா, டீசல் ஒழுகுகிறதா என்று சொல்ல வேண்டும்.

போன் செய்தால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்று தயங்குபவர் இன்னும் உண்டு. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவி செய்தவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படியோ சாட்சியாக வரும்படியோ அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. செலவுக்கும் பயம் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, திட்டத்தின் வரம்புக்குள் இலவசம்.

லோடு கவிழ்ந்தால் மூட்டை பொறுக்கக் கூட்டம் கூடுவது வழக்கம். சரக்குக்கு உரியவரும் போலீசார் வரும்முன் சாலையில் இறங்கி அள்ளக்கூடாது. 2017ல் பாகிஸ்தானில் கவிழ்ந்த டேங்கரில் பெட்ரோல் பிடிக்கப் போனவர்கள் இருநூறு பேருக்கு மேல் தீயில் மாண்டனர். சிந்தியது சமையல் எண்ணெயானால் மணல் போடும்வரை இருசக்கர வண்டிகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. இன்சூரன்சுக்குப் போட்டோவும், பில் நகலும், போலீஸ் ரசீதும் வேண்டும்.

நம் கடை வாசலில் லோடு இறக்கும் லாரியும் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நிற்கக்கூடாது. இருட்டினால் பின்விளக்கு எரிய வேண்டும்.