வரப்பு வாகையில் பிரம்பு நாற்காலி

வரப்பில் நிற்கும் வாகையை விறகு விலைக்கு விற்றுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வரும் விவசாயிகள் உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் கைவேலைக்குப் பயன்படும் மரங்களில் வாகையும் ஒன்று. அதை அடுப்புக்கு அனுப்பலாமா?

மரத்தின் நடுவே பழுப்பாக உள்ள வைரமே நாற்காலிக்கு ஏற்றது. சுற்றியுள்ள வெளிறை வண்டு துளைக்கும், ஒதுக்கிவிடுங்கள். அறுக்கும்போது பறக்கும் தூள் தும்மலைத் தரும். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கல்வராயன் மலைப்பகுதியில் பட்டா நிலத்து மரமானாலும், வெட்டுமுன் வனத்துறையினரைக் கேட்பது அவசியம்.

பலரும் தவறுவது உலர்த்துவதில்தான். பச்சை மரத்தில் செய்த நாற்காலி, காயக் காயச் சுருங்கி ஆட்டம் காணும். பலகைகளை நிழலில், தரையில் படாமல், இடையிடையே குச்சி வைத்து அடுக்குங்கள். நுனிகளில் சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசினால் வெடிப்பு குறையும். ஓர் அங்குல கனத்துக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு காய வேண்டும்.

காய்ந்த மரத்தை உள்ளூர் ஆசாரியிடம் கொடுங்கள். காலில் துளையும் சட்டத்தில் கழுந்தும் செதுக்கி, இறுக்கமாகப் பொருத்தச் சொல்லுங்கள். ஆணியை மட்டும் நம்ப வேண்டாம்.

உட்காரும் சட்டத்தைச் சுற்றி அரை அங்குல இடைவெளியில் துளைகள் இட வேண்டும். பிரம்புப் பட்டையைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பளபளப்பான பக்கம் மேலே வரும்படி பின்னுங்கள். முதலில் முன்பின்னாக ஒரு வரிசை. அதன்மேல் குறுக்காக ஒன்று. மீண்டும் முன்பின்னாக ஒன்று. நான்காவது வரிசையைக் குறுக்காக, மேலும் கீழுமாகக் கோத்து வாருங்கள். கடைசியாக மூலைவாட்டில் இரு பக்கமிருந்தும் பின்னினால் எண்கோணக் கண்கள் விழும். சீர்காழிக்கு வடக்கே, கொள்ளிடம் அருகிலுள்ள தைக்கால் கிராமம் பிரம்பு வேலைக்குப் பெயர்பெற்றது. பின்னல் பழக விரும்புவோர் அங்கு போய்ப் பார்க்கலாம்.

நாளடைவில் பின்னல் தொய்ந்தால், அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நனைத்துக் காயவிடுங்கள், மீண்டும் இறுகும். அறுந்தே போனாலும் பின்னலை மட்டும் மாற்றினால் போதும். உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு அந்த வழி இல்லை.

ஒரு வாகையை வெட்டினால், அடுத்த மழையிலேயே இரண்டு கன்றுகளை வரப்பில் நட்டுவிடுங்கள். அதன் தழை ஆடுகளுக்குத் தீவனமாகும். மரமோ பிள்ளைகளுக்கு உதவும்.