ஆப்பிரிக்கக் கடி ஈக்களும் அவற்றின் இனப்பிரிவும்

ஆப்பிரிக்கா கண்டத்தில், ஸஹாரா பாலைவனத்திற்குத் தெற்கே, ட்ஸெட்ஸி என்னும் ஒருவகை ஈ வாழ்கின்றது. ஆண், பெண் இரண்டும் இரத்தம் குடித்தே ஜீவிப்பவை. மனிதர்க்குத் தூக்க வியாதியையும், கால்நடைகளுக்கு நாகானா என்னும் நோயையும் பரப்புவது இவ்வீயேயாகும். நாகானாவுக்குக் காரணமான நுண்கிருமியை இது கொண்டு செல்வதை, 1895-ஆம் வருஷத்தையொட்டி ஜூலுலாந்தில் டேவிட் புரூஸ் என்னும் இராணுவ வைத்தியர் ருசுப்படுத்தினார்.

வீட்டு ஈயினின்று இதைப் பிரித்தறிதல் எளிது. உட்கார்ந்திருக்குங்கால் இறக்கைகள் மூடிய கத்தரிக்கோலைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். கடிக்கும் குழல் தலைக்கு முன்னால் நேராக நீண்டிருக்கும். இறக்கையின் நடுவில் நரம்புகளால் சூழப்பட்ட ஒரு கட்டம் கைக்கோடாரி வடிவமாய்த் தோன்றும்.

ஆனால் ட்ஸெட்ஸியிலேயே ஏறக்குறைய 30 வகைகள் உள. அவற்றுள் ஒன்றை மற்றொன்றினின்று பிரிப்பதே கடினமான காரியம். 1903-இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஆஸ்டென் என்பவர், அங்குச் சேர்ந்திருந்த ஈக்களைப் பரிசோதித்து ஒரு பெருநூல் வெளியிட்டார். 1911-இல் லிவர்பூலைச் சேர்ந்த நியூஸ்டெட் என்பவர், ஆண் ஈயின் வயிற்று நுனியிலுள்ள பற்றுறுப்புகளைப் பூதக்கண்ணாடியால் நோக்கிப் பிரித்தார். நிறமும் அளவும் மயக்கந் தரும் இடத்தும் இவ்வுறுப்பு உண்மையைக் காட்டும். இன்றும் இவ்வீக்களை மூன்று பிரிவாகவே கொள்வர்:

1. அடர்ந்த காட்டில் வாழும் பெரிய ஈக்கள்.
2. ஆற்றங்கரை, ஏரிக்கரை மரநிழலில் வாழ்பவை.
3. புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் வாழ்பவை.

சேகரித்த ஈ ஒவ்வொன்றையும் மெல்லிய ஊசியில் குத்தி, பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் ஆகியவற்றைச் சிறு சீட்டில் எழுதி அதன்கீழ்ச் செருகுதல் அவசியம். சீட்டில்லாத ஈ, தேதியும் பேரும் இல்லாத ரசீதைப் போன்றது, எக்கணக்கிலும் சேராது. சீட்டுள்ள ஈயோ, எந்த இனம் எப்பிரதேசத்தில் உளதென்று பல ஆண்டுகளுக்குப் பின்னரும் சாட்சி சொல்லும்.

இவ்வளவு சிரமம் எதற்கென்று வினவலாம். ஆற்றங்கரை ஈயைப் பிடிக்க வைக்கும் நீலத்துணிப் பொறியைப் புல்வெளியில் நாட்டினால், பணமும் உழைப்பும் வீணாகும். நோய் மட்டும் நிற்கும். ஸான்ஸிபாரின் உங்குஜா தீவின் வரலாறு இதை விளக்கும். அங்கிருந்தது ஒரே இனம். ஆஸ்டெனின் பெயரையே நியூஸ்டெட் அதற்கு 1912-இல் இட்டிருந்தார். அவ்வினத்தின் ஆண் ஈக்களை வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, 1994 முதல் ஆகாய விமானங்களிலிருந்து விட்டனர். அவற்றோடு கூடிய பெண் ஈக்களுக்குச் சந்ததி உண்டாகவில்லை. 1996-க்குப் பின் அத்தீவில் ட்ஸெட்ஸி காணப்படவில்லை. வேற்றினத்து ஆண்களை விட்டிருந்தால் இப்பயன் கிட்டியிராது.

ஆகவே, பீடையை ஒழிக்க முற்படுவோர் முதலில் அதன் இனத்தை ஐயமற அறிதல் வேண்டும். மாடு பிழைப்பதும் குடியானவன் பிழைப்பதும் அவ்வறிவைப் பொறுத்தே இருக்கின்றன.