கொரியாவில் ஆங்கில உபாத்தியாயர்

வருஷந்தோறும் நவம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமையன்று, பிற்பகலில் சுமார் 35 நிமிஷ நேரம், தென் கொரியா தேசத்தின் விமான நிலையங்களிலிருந்து ஒரு விமானமும் கிளம்புவதில்லை. ஒன்றும் தரையில் இறங்குவதுமில்லை. வந்துவிட்ட விமானங்கள் ஆகாயத்திலேயே வட்டமிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அன்று காலை பங்கு மார்க்கெட்டும் ஒரு மணி நேரம் தாமதித்தே திறக்கும். நேரங் கழித்துப் புறப்பட்ட மாணவர்களைப் போலீஸார் தங்கள் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு விரைகிறார்கள். யுத்தமோ, அயல்நாட்டு ராஜாவின் விஜயமோ இதற்குக் காரணம் அன்று. ஸர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சை நடக்கிறது. அதில் ஆங்கில வாசகங்களைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலத்துக்குரிய 45 வினாக்களில் 17 இவ்வகையைச் சேர்ந்தவை. அந்நேரத்தில் விமானத்தின் இரைச்சல் ஒரு குழந்தையின் காதைக்கூட மறைத்துவிடலாகாது என்பது சர்க்காரின் கட்டளை.

இங்கிலீஷ்காரர் ஒரு நாளும் கொரியாவை ஆண்டதில்லை. ஆண்டவர் ஜப்பானியர், 1910 முதல் 1945 வரையில். அப்படியிருக்க, இந்த அயல் பாஷைக்கு அந்நாட்டில் இவ்வளவு மகிமை எங்கிருந்து வந்தது? வர்த்தகமும், அமெரிக்காவோடு நெருங்கிய உறவும், உத்தியோகப் போட்டியும் சேர்ந்து செய்த வேலை இது. 1997-ம் வருஷத்திலிருந்து மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கே ஆங்கிலம் கட்டாய பாடமாயிற்று. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே, 1995-ல், அயல்நாட்டு உபாத்தியாயர்களை வரவழைத்துப் பொதுப் பள்ளிக்கூடங்களில் அமர்த்தும் திட்டத்தைச் சர்க்கார் தொடங்கிவிட்டனர். அப்படிச் செல்லும் உபாத்தியாயரின் வாழ்க்கை எத்தகையது என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் பட்டம் பெற்று வேலை தேடி நிற்கும் காலம் இது அல்லவா?

ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. சம்பளம் மாதம் இருபது லட்சம் வோனுக்கு மேல். தொகையைக் கேட்டு மயங்க வேண்டாம். வோன் என்பது மிகச் சிறிய நாணயம். குடியிருக்க வாடகையின்றி ஓர் அறை கிடைக்கும். படுக்கையும் அடுப்பும் துணி துவைக்கும் யந்திரமும் அந்த ஒரே அறைக்குள் அடங்கியிருக்கும். ஆனால் அதன் தரை வெதுவெதுப்பாயிருக்கும். தரைக்கடியில் வெப்பத்தைச் செலுத்தி அறையைச் சூடேற்றும் 'ஒண்டோல்' முறை கொரியர்களின் பழைய ஞானம். வெளியே பனி கொட்டும் ஜனவரி மாதத்தில், தரையில் பாய் விரித்துப் படுத்துப் பழகிய நம்மவருக்கு இதைவிடச் சுகம் வேறில்லை.

வந்து சேர்ந்த புதியவரை முதலில் திணற அடிப்பது பாஷையன்று, குப்பை! சமையற் கழிவு வேறு, காகிதம் வேறு, கண்ணாடி வேறு என்று பிரிக்கவேண்டும். மிஞ்சியதை, விலைக்கு விற்கப்படும் குறித்த பைகளில் மட்டுமே கட்டி வைக்கவேண்டும். 1995 முதல் தேசமெங்கும் இதுவே சட்டம். எவ்வளவு குப்பையோ அவ்வளவு செலவு. நம் நகரசபையார் ஒரு முறை போய்ப் பார்த்து வரலாம்.

பள்ளிக்கூடத்தின் வாயிலிலேயே பாதரட்சையைக் கழற்றி, உள்ளே அணிவதற்கென்று வைத்திருக்கும் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். பெரியவர்களைக் கண்டால் தலை வணங்குதல். எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரு கைகளாலும் செய்தல். இந்த வழக்கங்கள் அமெரிக்கருக்கு விசித்திரமாய்த் தோன்றும். நமக்குப் பாட்டி வீட்டு நினைவையே தரும். உபாத்தியாயரைப் பெயர் சொல்லி அழைப்பது அங்கே மரியாதைக் குறைவு. 'ஸொன்ஸெங்நிம்' என்பார்கள். 'நிம்' என்பது நாம் 'அவர்கள்' என்று சேர்ப்பதைப் போன்ற மரியாதை விகுதி. அயல்நாட்டவரைக் குழந்தைகள் பெரும்பாலும் 'டீச்சர்' என்றே கூவி அழைக்கின்றன. நம்மூரில் நாள் முழுதும் காதில் விழும் அதே சொல்!

ஆரம்பப் பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிஷம். மூன்றாம் நான்காம் வகுப்புகளுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளையும், ஐந்தாம் ஆறாம் வகுப்புகளுக்கு மூன்றும் ஆங்கிலத்துக்கு உரியவை. அயல்நாட்டவர் வாரத்துக்கு 22 பாடவேளை வரையில் எடுக்கவேண்டும். மற்ற நேரத்தில், பாடமில்லாவிட்டாலும், மேஜையடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கோடை விடுமுறையிலுங்கூட, ஆளற்ற கட்டடத்தில் தன்னந்தனியாக நாற்காலியைச் சூடாக்கிக்கொண்டிருக்கும் உபாத்தியாயர்கள் உண்டு. உட்கார்ந்திருப்பதே கடமை என்னும் இத்தத்துவம் சர்க்கார் உத்தியோகம் பார்த்த நம்மவருக்குப் புதிதன்று.

வகுப்பில் அவர் தனித்து நிற்பதில்லை. கூடவே ஒரு கொரிய உபாத்தியாயர் இருப்பார். சட்டப்படி வகுப்புக்குப் பொறுப்பாளி அவரே. இருவரும் மனம் ஒத்தால் வகுப்பு நாடகம் போல் நடக்கும். ஒருவர் கேட்பார், மற்றவர் பதிலளிப்பார், குழந்தைகள் இருவரையும் பின்பற்றிச் சொல்லும். ஒத்துப்போகாவிட்டால் அயல்நாட்டவர் வெறும் பேசும் யந்திரம். 'இந்த வாக்கியத்தை மூன்று தடவை படியுங்கள்' என்று சைகை வரும். படித்துவிட்டு ஓரமாய் நிற்பார். பல்லாயிரம் மைல் கடந்து வந்த பட்டதாரியை வாயசைக்க மட்டும் வைப்பது, அவருக்கும் அவமானம், பணத்துக்கும் நஷ்டம் என்பது நமது அபிப்பிராயம். அருகில் நிற்கும் கொரிய ஆசிரியரையும் நினைத்துப் பார்க்கவேண்டும். கடுமையான பரீட்சையில் தேறி, இலக்கணம் முழுதும் அறிந்து, குழந்தையின் மனத்தையும் அறிந்தவர் அவர். 'உன் உச்சரிப்புப் போதாது' என்று அவருடைய வகுப்பிலேயே ஓர் இருபத்திரண்டு வயது வாலிபனைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவர் மனம் எப்படியிருக்கும்? நாமும் இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பாஷையைப் போதித்து வருகிறோம். அவருடைய மௌனம் நமக்கு விளங்குகிறது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் உதட்டைப் பல்லில் வைத்து ஊதும் ஒலி கொரிய பாஷையில் கிடையாது. அவர்கள் 'கொப்பி' குடிக்கிறார்கள், நாம் காப்பி குடிக்கிறோம். சொல்லின் இறுதியில் 'ஸ்' ஒலி நிற்பது அவர்கள் நாவுக்குச் சிரமம். ஆகவே பஸ் 'பொஸு' ஆகிவிடுகிறது. நம் கிராமத்தார் 'பஸ்ஸு' என்பதை நினைத்துக்கொள்க. நம் ககரமும் பகரமும் சொல்லின் முதலில் ஒருவிதமாகவும் நடுவில் மெலிந்தும் ஒலிப்பதைப் போலவே அவர்களுடையவையும் ஒலிக்கின்றன. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. தந்தையை 'அப்பா' என்றும் தாயை 'ஒம்மா' என்றும் அழைக்கிறார்கள். பரீட்சையில் திருடி எழுதுவதற்கு அவர்கள் வைத்துக்கொண்டிருக்கும் பெயர் 'கன்னிங்'. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை. ஆனால் எந்தப் பள்ளிக்கூட உபாத்தியாயரும் அதன் பொருத்தத்தை மறுக்கமாட்டார்!

இந்த ஒற்றுமைகளைக் கண்டு வியந்து, நூலே எழுதிவிட்டவர் ஒருவர் உண்டு. அவரும் கொரியாவில் ஆங்கில உபாத்தியாயராகப் போனவரே. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1886-ல், 23 வயதில், பிரபுக்களின் புதல்வர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க மன்னர் கோஜோங் நிறுவிய பள்ளிக்கு வந்து சேர்ந்தார். உடன் வந்தவர் இருவர். பள்ளி 1894-ல் மூடப்பட்டது. ஹல்பர்ட்டோ அந்நாட்டின் மீது கொண்ட பற்றை விடவில்லை. கொரிய எழுத்தைக் கற்று, படித்த பிரபுக்கள் சீன எழுத்தையே கௌரவமாய்க் கருதிய அக்காலத்தில், முழுதும் கொரிய எழுத்திலேயே ஒரு பூகோள நூல் எழுதினார். 1905-ல் கொரிய பாஷையையும் நம் திராவிட பாஷைகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணம் வெளியிட்டார். அவர் கண்ட உறவை இக்காலத்து மொழியறிஞர் ஒப்புக்கொள்வதில்லை. அம்மாவும் அப்பாவும் உலகத்துப் பல பாஷைகளில் ஒத்திருக்கும் மழலைச் சொற்களே என்கின்றனர். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆயினும் ஸியோலில் உட்கார்ந்துகொண்டு ஓர் ஆங்கில உபாத்தியாயர் தமிழ் இலக்கணத்தைப் புரட்டினார் என்பதை நினைக்கும்போது நமக்கு உவகை உண்டாகாமல் இல்லை.

அதே 1905-ல் ஜப்பானியர் கொரியாவைத் தங்கள் பாதுகாப்பின் கீழ்க் கொண்டுவந்தனர். மன்னரின் முறையீட்டைச் சுமந்துகொண்டு ஹல்பர்ட் வாஷிங்டன் சென்றார், அங்கே கேட்பாரில்லை. 1907-ல் ஹேக் நகரத்து மகாநாட்டில் கொரியாவின் தூதர்களுக்காகப் பாடுபட்டார், அதுவும் பலிக்கவில்லை. பிறகு அவர் கொரியாவில் வசிக்க இயலாது போயிற்று. சுதந்திரக் கொரியா அவரை மறக்கவில்லை. 1949-ல், 86 வயதில், அரசாங்க விருந்தினராக வந்து இறங்கினார். ஒரு வாரத்தில் காலமானார். ஹான் நதிக்கரையில், யாங்ஹ்வாஜின் என்னுமிடத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

ஹல்பர்ட்டின் வழியில் வந்தவர்களை இன்றைய கொரியா எப்படி நடத்துகிறது? ஆங்கிலம் கற்பிக்கும் அநுமதிச் சீட்டு ஏழு தேசத்துப் பிரஜைகளுக்கே உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கானடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா. பட்டம் வேண்டும், குற்றமற்றவர் என்னும் போலீஸ் பத்திரம் வேண்டும், வைத்திய பரிசோதனையும் வேண்டும். இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2007 முதல் இவர்களுக்கு எய்ட்ஸ் கிருமிப் பரிசோதனையும் கட்டாயமாக்கப்பட்டது. கொரிய ஆசிரியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2009-ல் நியூஸிலாந்து ஆசிரியை ஒருவர் மறுபடியும் அப்பரிசோதனைக்கு உட்பட மறுத்து வேலையை இழந்தார். மனந்தளராமல் ஐக்கிய நாடுகளின் இனவேற்றுமை ஒழிப்புக் குழுவிடம் முறையிட்டார். அவர் பக்கமே நியாயம் என்று 2015-ல் தீர்ப்பாயிற்று. 2017-ல் கொரிய சர்க்கார் அவ்விதியை நீக்கினர். ஓர் உபாத்தியாயினி தன் மானத்துக்காகத் தனியே நின்று சாதித்த காரியம் இது.

ஏழு தேசங்களின் ஜாபிதாவில் நம் தேசம் இல்லை. இதன் விசித்திரத்தைச் சற்றே யோசித்துப் பாருங்கள். 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்காக நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிய தமிழரின் கொள்ளுப்பேத்தி ஒருத்தி, டர்பனில் ஆங்கிலப் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்றிருந்தால், கொரியர் கணக்கில் ஆங்கிலம் அவளுக்குச் சொந்த பாஷை. கப்பலேறாமல் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே தங்கிவிட்ட சகோதரனின் வம்சத்தில் வந்தவள், ஆங்கில இலக்கியத்தில் எம். ஏ. பட்டமே பெற்றிருந்தாலும், அந்த வாயில் அவளுக்குத் திறவாது. நாவிலும் அறிவிலும் இருவருக்கும் வித்தியாசமில்லாமல் இருக்கலாம். வித்தியாசம் பாஸ்போர்ட்டின் அட்டையில் இருக்கிறது.

2010-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தில் ஒரு சிறு கதவு திறந்தது. ஆங்கிலத்தில் பட்டமும், ஆசிரியர் பயிற்சிப் பத்திரமும் பெற்ற இந்தியர் அரசாங்கப் பள்ளிகளில் உதவி ஆசிரியராகலாம். ஏழு தேசத்தாருக்குப் பட்டம் மட்டும் போதும். அது எந்தப் பாடத்தில் என்றுகூடக் கேள்வியில்லை. நமக்கு இரண்டும் வேண்டும். இருந்தாலும் கதவு கதவுதான்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகும் குழந்தைக்கு ஓய்வில்லை. 'ஹக்வொன்' என்னும் தனிப்பாடசாலைகள் மஞ்சள் வண்டிகளை அனுப்பி வாரிக்கொண்டு போகின்றன. அயல்நாட்டு உபாத்தியாயரில் பெரும் பகுதியார் வேலை செய்வது இவற்றிலேதான். பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும் வேலை. 1980-ல் ஆட்சியைக் கைப்பற்றிய சேனாதிபதி சுன் டூ ஹ்வான் தனிப்பாடத்தையே தடை செய்து பார்த்தார். 2000-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அத்தடை செல்லாதென்று தள்ளியது. ஸியோல் நகரில் இரவு பத்து மணிக்குமேல் இவை நடக்கலாகாது என்பது மட்டும் இன்று விதி. 2024-ல் பெற்றோர் தனிப்பாடத்துக்குச் செலவிட்ட தொகை 29.2 லட்சம் கோடி வோன். பத்து மாணவரில் எட்டுப் பேர் ஏதோ ஒரு தனிப்பாடத்துக்குப் போகிறார்கள். இவ்வளவுக்கும் நடுவில் குழந்தைகளே அருகி வருகின்றன. 2023-ல் ஒரு ஸ்திரீக்குச் சராசரி 0.72 குழந்தை! பிள்ளையைப் படிக்க வைக்கும் செலவுக்கு அஞ்சியே பிள்ளை வேண்டாமென்கிறவர்கள் பலர். கிராமப் பள்ளிகள் மூடப்படுகின்றன. அங்கு போன ஆங்கில உபாத்தியாயர் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு அலைகிறார்.

இத்தனை ஆங்கில மோகத்திலும் கொரியர்கள் தங்கள் பாஷையைக் கைவிட்டவர்கள் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். ஜப்பானியர் ஆட்சியில் 1938 முதல் பள்ளிகளில் தாய்மொழி ஒடுக்கப்பட்டது. 1940-ல் சொந்தப் பெயரைக்கூட ஜப்பானியப் பெயராய் மாற்றிக்கொள்ள நிர்ப்பந்தம் வந்தது. 1942-ல், அகராதி தொகுத்த குற்றத்துக்காகக் கொரிய மொழிச் சங்கத்தார் சிறைப்பட்டனர். இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிமுதலான அகராதிக் கையெழுத்துப் பிரதி, விடுதலைக்குப் பின் 1945-ல் ஸியோல் ரயில் நிலையத்துக் கிடங்கொன்றில் அகப்பட்டது. 1947-ல் அதன் முதற் பாகம் அச்சேறிற்று. எழுத்தை அளித்த மன்னர் ஸேஜோங்கின் பிறந்த நாளாகிய மே 15-ம் தேதியே அங்கு ஆசிரியர் தினம். அன்று உபாத்தியாயருக்குப் பூக் கொடுப்பது வழக்கம். 2016-ல் வந்த லஞ்ச ஒழிப்புச் சட்டத்துக்குப் பின், மாணவன் தனியாக ஒரு பூக்கூடக் கொடுக்கலாகாது. வகுப்பின் பிரதிநிதி எல்லோர் முன்னிலையிலும் கொடுத்தால் குற்றமில்லை.

அங்கு போக எண்ணும் இளைஞர்கள் கப்பலுக்கோ விமானத்துக்கோ சீட்டு வாங்குமுன் அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளட்டும். நான்கைந்து நாள் உழைத்தால் கூட்டிப் படிக்க வந்துவிடும். மருந்துச் சீசாவின் மேலும், பஸ்ஸின் நெற்றியிலும், குப்பைப் பையின் மேலும் எழுதியிருப்பதெல்லாம் அதிலேதான்.